கடல் கடந்து ஆங்கிலம் கற்பிக்கும் அருட்பணி: நீலகிரி இளைஞர்களும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோத்தகிரி, குன்னூர், கூடலூர் பகுதிகளின் சபைகளிலிருந்து வெளிநாட்டுக்கு ஊழியத்துக்குப் போக விரும்பும் இளைஞர்கள் ஆண்டுதோறும் கூடிவருகிறார்கள். அவர்களில் பெரும்பாலானோர் அங்கே ஆங்கிலம் கற்பிக்கலாம் என்ற எண்ணத்தோடு வருகிறார்கள். அவர்களுக்குப் பயிற்சி அளிக்கும் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை என்ற முறையில், என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

எனக்கு ஆங்கிலம் தாய்மொழி அன்று. தமிழ்வழியில் படித்து, கல்லூரியில்தான் ஆங்கிலம் பேசப் பழகினேன். நான் கற்பிக்கப் போகலாமா?

போகலாம். ஆங்கிலத்தைத் தட்டுத் தடுமாறிக் கற்ற ஒருவருக்கு, மாணவர் எந்த இடத்தில் தடுமாறுவார் என்பது முன்கூட்டியே தெரிந்திருக்கும். தமிழ் பேசும் நாம் ‘ஃபேன்’ என்பதைப் ‘பேன்’ என்று சொல்லித்தான் வளர்ந்தோம். தாய்லாந்துப் பிள்ளைகள் சொல்லின் கடைசி மெய்யொலியை விழுங்கிவிடுவார்கள். அவர்களுடைய மொழியில் காலத்துக்கேற்ப வினைச்சொல் உருமாறுவதில்லை என்பதால் ‘நேற்றுப் போனேன்’ என்பதை ஆங்கிலத்தில் சொல்லும்போதும் வினையை மாற்றாமலேயே சொல்வார்கள். இது சோம்பலால் வருவதன்று, தாய்மொழியின் பழக்கத்தால் வருவது என்று புரிந்துகொள்ளும் பொறுமை, இரண்டாம் மொழியாக ஆங்கிலம் கற்றவர்களிடம் கூடுதலாகவே இருப்பதைக் கண்டிருக்கிறேன்.

ஆனால் ஊழிய வாஞ்சை மட்டும் இருந்து ஆங்கிலம் பிழையாக இருந்தால் போகக் கூடாது. நாம் தவறாகக் கற்றுக்கொடுத்ததை அந்தப் பிள்ளைகள் வாழ்நாள் முழுதும் சுமப்பார்கள். நம் பிள்ளைகளுக்கு அப்படி ஓர் ஆசிரியர் வாய்த்தால் நாம் பொறுத்துக்கொள்வோமா?

என்ன தகுதிகள் வேண்டும்?

ஏதேனும் ஒரு பட்டம், ஆங்கிலம் கற்பித்தலுக்கான சான்றிதழ், மெய்யான வகுப்பறை அனுபவம் ஆகிய மூன்றும் வேண்டும். டெஃபல், டெசால் என்ற பெயர்களில் வழங்கப்படும் சான்றிதழ்களில் 120 மணி நேரப் பயிற்சி என்பதையே பல நாடுகளின் பள்ளிகள் குறைந்தபட்ச அளவாகக் கொள்கின்றன. கேம்பிரிட்ஜ் வழங்கும் செல்டா சான்றிதழுக்கு மதிப்பு அதிகம். அதில் உண்மையான மாணவர்களுக்கு முன்னால் 6 மணி நேரம் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். கட்டணமும் அதிகம்தான். அதற்கு வசதியில்லாதவர்கள் ஐதராபாத்தில் உள்ள ஆங்கில மற்றும் அயல்மொழிப் பல்கலைக்கழகத்தின் படிப்புகளை விசாரித்துப் பார்க்கலாம். வார இறுதி ஒன்றில் இணையவழியில் வாங்கிவிடும் சான்றிதழை நம்பிப் புறப்பட வேண்டாம்.

அனுபவத்தை இங்கேயே பெறலாம். நம் மலையில் ஆங்கிலத்துக்கு ஏங்கும் பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. எங்கள் பயிற்சியில் ஓர் இளம்பெண், எஸ்டேட் லயன் வீடுகளிலிருந்து வந்த பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தாள். தன் தாயார் இடுப்பில் கட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் படுதாவையும், கொழுந்து வெட்டும் கத்தரியையும், பையையும் மேசைமேல் பரப்பி, ஒவ்வொன்றையும் எடுத்துக் காட்டி அது என்ன, யார் பயன்படுத்துவார்கள், எங்கே, எப்போது என்று ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டே போனாள். ஒரு சிறுவன் எழுந்து ‘மை மதர் கட் லீஃப்’ என்றான். அவள் தவறு என்று சொல்லவில்லை. ‘யெஸ், யுவர் மதர் கட்ஸ் த லீவ்ஸ்’ என்று முகமலர்ச்சியோடு திருப்பிச் சொன்னாள். அடுத்த முறை அவனே திருத்திச் சொன்னான். அதே நாளில் வேறொருவர் வெண்பலகை நிறைய இலக்கண விதிகளை எழுதிப்போட்டு, நேரம் முழுவதும் தாமே பேசி முடித்தார். இவர்களில் யாரை வெளிநாட்டுக்குப் பரிந்துரைப்பது என்பதில் எங்களுக்குக் கொஞ்சமும் தயக்கம் இருக்கவில்லை.

எந்த நாட்டுக்குப் போகலாம்?

‘ஆண்டவர் எந்த நாட்டைக் காட்டுகிறாரோ அந்த நாட்டுக்கு’ என்று இளைஞர்கள் சொல்வார்கள். அதை மதிக்கிறேன். ஆனால் தரிசனம் பெற்ற நாட்டின் சட்டத்தைப் படித்துப் பார்ப்பது அவிசுவாசம் ஆகிவிடாது.

முதலில், நம் பாஸ்போர்ட்டுக்கு உள்ள எல்லையை அறிந்துகொள்ள வேண்டும். தென்கொரியா ஆங்கில ஆசிரியர்களுக்கு வழங்கும் வழக்கமான இ-2 விசாவை அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய 7 நாடுகளின் குடிமக்களுக்கே தருகிறது. சீனாவிலும் ஏறத்தாழ இதே நிலைதான். போதாக்குறைக்கு அங்கே வெளிநாட்டவரின் சமயப் பணிக்குக் கடுமையான கட்டுப்பாடுகள் உள்ளன.

நேபாளத்துக்குப் போக இந்தியருக்கு விசா தேவையில்லை என்பதால் அதுதான் எளிது என்று பலரும் எண்ணிக்கொள்கிறார்கள். 2015-இல் நடைமுறைக்கு வந்த நேபாள அரசமைப்புச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு, ஒருவரை மதம் மாற்றுவதைத் தடை செய்கிறது. 2018 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டத்தின்படி அதற்கு 5 ஆண்டுகள் வரை சிறையும் 50,000 நேபாள ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். குற்றவாளி வெளிநாட்டவராக இருந்தால் தண்டனை முடிந்த 7 நாட்களுக்குள் நாடு கடத்தப்படுவார். அங்கே ஆங்கிலம் கற்பிக்கத் தடையில்லை. அந்த வகுப்பை வேறொன்றுக்குத் திரையாக்கினால் என்ன ஆகும் என்பதை அறிந்துகொண்டே எல்லையைக் கடக்க வேண்டும்.

தாய்லாந்துக்குச் சுற்றுலாப் பயணியாக நுழைவது எளிது. ஆனால் சுற்றுலாப் பயணியாக நுழைந்தவர் வகுப்பெடுக்கக் கூடாது. சம்பளம் வாங்காத தன்னார்வலருக்கும் உரிய விசாவும் பணி அனுமதியும் அங்கே தேவை. கம்போடியாவில் 2007-இல் சமய விவகார அமைச்சகம் வெளியிட்ட ஆணை, கிறிஸ்தவக் குழுக்கள் வீடு வீடாகச் சென்று பிரச்சாரம் செய்வதையும், பொருளோ பணமோ கொடுத்து ஆட்களைச் சேர்ப்பதையும் தடை செய்தது.

இலங்கையின் மலையகத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். நம் மாவட்டத்தில், குறிப்பாகக் கூடலூர், கோத்தகிரி வட்டாரங்களில், 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் தாயகம் திரும்பிய குடும்பங்கள் ஏராளம். அந்தக் குடும்பத்துப் பிள்ளைகளில் சிலர் நுவரெலியா, ஹட்டன் பக்கம் போய்ப் பணிபுரிய ஆசைப்படுவது மனத்தைத் தொடுகிறது. தமிழிலேயே விளக்கிச் சொல்லலாம், தேயிலைத் தோட்ட வாழ்க்கை தெரிந்தது என்பவை பெரிய வசதிகள். ஆனால் உறவினரைப் பார்க்கப் போகும் விசாவில் போய் வகுப்பெடுக்கக் கூடாது. அழைக்கும் சபையின் வழியாக வதிவிட விசாவுக்கு விண்ணப்பிப்பதே முறை.

ஆங்கில வகுப்பு நடத்துவதாகச் சொல்லிப் பிள்ளைகளைக் கூட்டி, அந்த வகுப்பிலேயே நற்செய்தி சொல்லலாமா?

கூடாது. இதில் எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை. இதற்குச் சம்மதிக்காதவர்களுக்கு நான் பரிந்துரைக் கடிதமும் தருவதில்லை.

ஒரு தாய் தன் பிள்ளையை ஆங்கிலம் கற்கவே அனுப்புகிறாள். அந்தத் தாய் ஏழையாக இருந்தால், வேறு வகுப்புக்குக் கட்டணம் கட்ட முடியாதவளாக இருந்தால், நம் வகுப்பில் என்ன நடந்தாலும் வாய் திறக்க மாட்டாள். அவளுடைய அந்த மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்வது அநீதி. சத்தியத்தை அறிவிக்கப் போகிறவர் பொய்யான விளம்பரத்தோடு தொடங்க முடியாது. மேலும், தன்னார்வலர் சில மாதங்களில் விமானம் ஏறிவிடுவார். அதன்பிறகு அக்கம்பக்கத்தாரின் கோபத்தையும் காவல் நிலையத்தின் விசாரணையையும் எதிர்கொள்பவர்கள் அந்த ஊரின் சிறிய சபையாரே. அவர்கள் ஆண்டுக்கணக்கில் தேடிவைத்த நற்பெயரை ஒரு கோடை விடுமுறையில் கெடுத்துவிட்டு வந்த குழுக்களைப் பற்றி அந்த நாடுகளின் போதகர்களே வேதனையோடு சொல்லக் கேட்டிருக்கிறேன்.

இதை நாம் வெளியிலிருந்து கற்க வேண்டியதில்லை. நம் மலையே மிஷனரிகளை வரவேற்ற மலை. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பாசல் மிஷன் 1846-இல் கேத்தியில் பணியைத் தொடங்கி, பள்ளிகளை நடத்தியது. அக்காலம் தொட்டு இன்றுவரை இந்த மலையின் மிஷன் பள்ளிகளில் படித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள் அல்லர். படுகர் குடும்பங்களும் மற்றக் குடும்பங்களும் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளை அங்கே அனுப்பியது, பாடம் பாடமாக நடக்கும் என்ற நம்பிக்கையால்தான். நாம் போகும் ஊரிலும் அதே நம்பிக்கைக்கு உரியவர்களாக நடந்துகொள்ள வேண்டும்.

அப்படியானால் விசுவாசத்தை மறைத்துக்கொள்ள வேண்டுமா? வேண்டியதில்லை. நீங்கள் யார், எந்தச் சபை அனுப்பியது என்பதைப் பள்ளி நிர்வாகத்துக்கும் பெற்றோருக்கும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். பேதுருவின் முதல் நிருபம், நம் நம்பிக்கையைக் குறித்து விசாரித்துக் கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடு பதில் சொல்ல ஆயத்தமாயிருக்கச் சொல்கிறது. பெரியவர் ஒருவர் தாமாக வந்து கேட்டால், அந்நாட்டுச் சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு, வகுப்புக்கு வெளியே உண்மையாகப் பதில் சொல்லுங்கள். வேதபாட வகுப்பு நடத்த அனுமதி உள்ள இடமானால், அதை வேதபாட வகுப்பு என்றே அறிவித்து உள்ளூர்ப் போதகர் நடத்தட்டும். பள்ளி சபையாருடையது, காலை ஜெபம் உண்டு என்பது பெற்றோருக்குத் தெரியும் என்றால் அதில் கலந்துகொள்வதில் பிழை ஏதுமில்லை. தேர்வு மதிப்பெண்ணையோ, மிட்டாயையோ, புத்தகப் பையையோ ஆராதனை வருகையோடு ஒருபோதும் முடிச்சுப் போடாதீர்கள்.

அனாதை இல்லப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க அழைப்பு வந்திருக்கிறது. போகலாமா?

மிகுந்த எச்சரிக்கையோடு ஆராய வேண்டிய அழைப்பு இது. கம்போடியா, நேபாளம் போன்ற நாடுகளில் இத்தகைய இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருப்பது தெரியவந்துள்ளது. வெளிநாட்டுத் தன்னார்வலரும் அவர்களின் நன்கொடையும் வந்துகொண்டே இருக்க வேண்டும் என்பதற்காகவே ஏழைப் பெற்றோரிடமிருந்து பிள்ளைகளைத் திரட்டி வைத்திருக்கும் இல்லங்களும் உண்டு. மேலும், சில வாரங்கள் அன்பைக் கொட்டிவிட்டுப் பிரிந்து போகும் ‘அக்கா’, ‘அண்ணன்’மார் மாறி மாறி வருவது அந்தப் பிள்ளைகளின் மனத்தில் ஆழமான காயத்தை உண்டாக்குகிறது. பிள்ளைகள் மாலையில் தம் வீட்டுக்குத் திரும்பும் ஒரு சாதாரணப் பள்ளியைத் தேர்ந்தெடுங்கள்.

எந்த இடமானாலும், ஒரு பிள்ளையோடு மூடிய அறையில் தனியாக இருக்காதீர்கள். பெற்றோரின் அனுமதியின்றிப் படமெடுத்து முகநூலில் போடாதீர்கள். சபைக்கு அனுப்பும் ஊழிய அறிக்கைக்கும் இது பொருந்தும். அழைக்கும் நிறுவனத்திடம் எழுதப்பட்ட குழந்தைப் பாதுகாப்புக் கொள்கை இருக்கிறதா என்று கேளுங்கள். உங்களிடம் காவல்துறைச் சரிபார்ப்புச் சான்றிதழ் கேட்காத நிறுவனம், வேறு யாரிடமும் கேட்டிருக்காது என்று கொள்ளலாம்.

எவ்வளவு காலம் போக வேண்டும்?

ஒரு கல்வியாண்டு முழுவதும் இருந்தால்தான் மாணவருக்குப் பயன். அதற்கு இயலாதவர்கள், நேரடியாகப் பிள்ளைகளுக்கு வகுப்பெடுப்பதைவிட உள்ளூர் ஆசிரியர்களின் பேச்சுப் பயிற்சிக்குத் துணை நிற்கலாம்.

அங்குள்ள மொழியைக் கற்க வேண்டுமா? ஆங்கிலம்தானே கற்பிக்கப் போகிறோம்?

கற்கத்தான் வேண்டும். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய மிஷனரி கால்டுவெல் 1838-இல் சென்னைக்கு வந்து, முதல் சில ஆண்டுகளைத் தமிழ் கற்பதில் செலவிட்டார். பிறகு தெற்கு நோக்கி நடந்தே பயணம் செய்து, வழியில் நீலகிரிக்கு ஏறி, 1841 செப்டம்பரில் உதகையில் குருப்பட்டம் பெற்று, அதன்பின் இடையன்குடியை அடைந்தார். கடைசிக் காலத்தில் ஓய்வுக்கு அவர் தேர்ந்ததும் கொடைக்கானல் மலையைத்தான்; 1891-இல் அங்கேயே காலமானார். தமிழர் நெஞ்சில் அவர் பெற்ற இடம், அவர் தமிழுக்குச் செலவிட்ட ஆண்டுகளால் வந்தது. இங்கே பாசல் மிஷனார் கன்னடத்திலும் படுக மொழியிலும் உழைத்தார்கள். லூக்கா சுவிசேஷத்தைப் படுக மொழியில் அச்சிட்டார்கள்.

உங்களிடம் யாரும் இலக்கண நூல் எதிர்பார்க்கவில்லை. புறப்படும் முன் 300 சொற்களும், வணக்கம், நன்றி, மன்னிப்பு, விலை கேட்டல், வழி கேட்டல் ஆகியவற்றுக்கான வாக்கியங்களும் தெரிந்திருக்கட்டும். உங்கள் மாணவரிடமே அந்த மொழியைக் கற்றுக்கொள்ளுங்கள். ஆசிரியர் தப்பும் தவறுமாகப் பேசக் கேட்ட மாணவர்களுக்குத் தாமும் தவறாகப் பேசலாம் என்ற துணிவு வந்துவிடுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாளையங்கோட்டையில் 1903-இல் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கியவர்களில் முதன்மையானவரான வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1910-இல் எடின்பரோவில் கூடிய உலக மிஷனரி மாநாட்டில் பேசியபோது, மேல்நாட்டு மிஷனரிகளின் தியாகத்தை நன்றியோடு ஏற்றுக்கொண்டு, ஆனால் எங்களுக்கு நண்பர்களையும் தாருங்கள் என்று வேண்டினார். அன்று நாம் கேட்கும் இடத்தில் இருந்தோம். இன்று ஆங்கிலமும் பட்டமும் கையில் வைத்துக்கொண்டு, ஏழை நாடொன்றின் கிராமத்துக்குப் போகும்போது, அந்த வேண்டுகோள் நம்மை நோக்கித் திரும்பியிருக்கிறது. பள்ளியின் உள்ளூர் ஆசிரியரைக் ‘கற்றுக்கொடுக்க வேண்டியவர்’ என்று பார்க்காமல், அவர் வீட்டில் உண்டு, அவரிடம் யோசனை கேட்டு, அவர் சொன்னபடி வகுப்பை மாற்றிக்கொள்ளுங்கள்.

செலவை யார் ஏற்பது?

பெரும்பாலும் தன்னார்வலரும் அனுப்பும் சபையும்தான். விமானக் கட்டணம், விசா, மருத்துவக் காப்பீடு, மாதாந்திர உணவு ஆகியவற்றோடு, எந்த நேரத்திலும் திரும்பி வருவதற்கான பயணச்சீட்டுப் பணத்தையும் தனியாக ஒதுக்கி வையுங்கள். வீட்டில் கடன் இருந்தால், தங்கையின் கல்விக் கட்டணம் உங்களை நம்பியிருந்தால், அதை முடித்துவிட்டுப் போங்கள். காணிக்கை தருகிறவர்களுக்கு வரவு செலவுக் கணக்கை எழுதிக் கொடுக்கும் வழக்கத்தை முதல் மாதத்திலிருந்தே வைத்துக்கொள்ளுங்கள்.

முகவர் ஒருவர் தாய்லாந்தில் ஆங்கில ஆசிரியர் வேலையும் ஊழிய வாய்ப்பும் ஒன்றாகக் கிடைக்கும் என்கிறார். நம்பலாமா?

விசாரிக்காமல் நம்ப வேண்டாம். தாய்லாந்தில் வேலை என்று அழைத்துச் செல்லப்பட்ட தமிழ்நாட்டு இளைஞர்கள் பலர், எல்லை கடத்தப்பட்டு, மியான்மரின் மியாவாடி பகுதியில் இணைய மோசடிக் கும்பல்களிடம் சிக்கி, 2022-இல் மீட்கப்பட்ட செய்தி நினைவிருக்கலாம். கம்போடியா, லாவோஸ் நாடுகளிலும் இத்தகைய கும்பல்கள் உண்டு. ஜெபக்கூட்டத்தில் அறிமுகமானவர் என்பது ஒருவருக்குச் சான்றிதழ் ஆகாது.

வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் முகவர் மத்திய அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். ‘இமைக்ரேட்’ என்ற அரசு இணையதளத்தில் பெயரைத் தேடிப் பார்க்கலாம். அவர்கள் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் வரியும் என்று உச்சவரம்பு உண்டு. ‘முதலில் சுற்றுலா விசாவில் வாருங்கள், பிறகு மாற்றிக்கொள்ளலாம்’ என்ற வாக்கியம் காதில் விழுந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். போன இடத்தில் பாஸ்போர்ட்டை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள். அது இந்திய அரசின் உடைமை, அதைப் பிடித்து வைக்க எந்த நிறுவனத்துக்கும் உரிமையில்லை. சிக்கல் ஏற்பட்டால் இந்தியத் தூதரகத்தையும், ‘மதாத்’ என்ற வெளியுறவு அமைச்சகத்தின் குறைதீர்ப்புத் தளத்தையும், தமிழக அரசின் அயலகத் தமிழர் நலத்துறையையும் அணுகலாம்.

உடல்நலத்துக்கு என்ன முன்னேற்பாடு?

மலையில் வளர்ந்தவர்கள் இரண்டைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள்: வெயில், கொசு. உதகைக் குளிரில் கொசுவலை கட்டிப் பழகாத நமக்கு டெங்குவும் மலேரியாவும் செய்தித்தாளில் படிக்கும் நோய்கள். கம்போடியாவின் ஏப்ரல் வெயில் 40 டிகிரியை நெருங்கும். முடிந்தால் கோடையில் சில வாரங்கள் கோவையிலோ மதுரையிலோ தங்கி வகுப்பெடுத்துப் பார்த்துவிட்டுப் போங்கள்.

டைபாய்டு, மஞ்சள் காமாலை தடுப்பூசிகளைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். ஆசியக் கிராமங்களுக்குப் போகிறவர்கள் வெறிநாய்க்கடிக்கு முன்கூட்டியே போடும் தடுப்பூசியையும் கேட்க வேண்டும். 1907-இலிருந்து அந்நோய்க்கு எதிராக உழைத்த பாஸ்டர் நிறுவனம் இருக்கும் குன்னூரிலிருந்து போகிறவர்களே இதை மறந்துவிடுகிறார்கள். கென்யா, உகாண்டா போன்ற நாடுகளுக்குப் போவதானால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைச் சென்னை கிண்டியில் உள்ள கிங் நிலையம் போன்ற அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் பயணத்துக்குக் குறைந்தது 10 நாட்களுக்கு முன் போட்டுக்கொள்ள வேண்டும். அந்தச் சான்றிதழ் இல்லாமல் திரும்பி வந்தால் நம் நாட்டு விமான நிலையத்திலேயே தனிமைப்படுத்துவார்கள்.

மகளைத் தனியாக அனுப்ப அச்சமாக இருக்கிறது. என்ன செய்வது?

அந்த அச்சம் நியாயமானது. அதை விசுவாசக் குறைவு என்று யாரும் சொல்ல அனுமதிக்காதீர்கள். அவள் எங்கே தங்குவாள், அறைக்கு உள்தாழ் உண்டா, உடன் இருப்பவர் யார், மேற்பார்வையாளர் ஒரு பெண்ணா, இரவில் உடல்நலமில்லாமல் போனால் எந்த மருத்துவமனை என்பதையெல்லாம் அழைக்கும் நிறுவனத்திடம் நீங்களே நேரடியாகப் பேசிக் கேளுங்கள். இக்கேள்விகளுக்கு முகம் சுளிக்கும் நிறுவனம் வேண்டாம். இருவராக அனுப்புவது எப்போதும் நல்லது. வாரத்தில் எந்த நாள், எத்தனை மணிக்கு அழைப்பாள் என்பதை முடிவுசெய்து, அந்த அழைப்பு வராவிட்டால் யாரைத் தொடர்புகொள்வது என்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டு நண்பர்கள் நம் மலைக்கு வந்து ஆங்கிலம் கற்பிக்க விரும்புகிறார்கள். அழைக்கலாமா?

சட்டப்படி அழைக்கலாம். சுற்றுலா விசாவில் வருபவர், எவ்வித ஊதியமோ கைம்மாறோ இன்றி, அதிகபட்சம் ஒரு மாதம் வரை தன்னார்வப் பணி செய்ய இந்திய விதிகள் இடம் தருகின்றன. ஆனால் அந்த விசாவில் சமயப் பிரச்சாரம் செய்ய அனுமதியில்லை. மிஷனரிப் பணிக்கு மிஷனரி விசா என்று தனி வகை உண்டு. வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் அட்டை வைத்திருப்பவர்களும் மிஷனரிப் பணிக்குத் தனி அனுமதி பெற வேண்டும் என்று 2021 மார்ச்சில் அறிவிக்கை வந்தது. சபை விடுதியிலோ வீட்டிலோ தங்கவைத்தால், வந்த 24 மணி நேரத்துக்குள், வெளிநாட்டவர் தங்குவதை அரசுக்குத் தெரிவிக்கும் படிவத்தை (முன்பு ‘சி’ படிவம் எனப்பட்டது) இணையத்தில் நிரப்புவது தங்கவைப்பவரின் கடமை. ஆயர் ஊரில் இல்லாத வாரத்தில் விருந்தினர் வந்துவிட்டால் இது விடுபட்டுப்போகிறது. ஆகவே படிவத்தை நிரப்பும் பொறுப்பைச் சபைச் செயலாளரிடம் முன்கூட்டியே பெயர் குறித்து ஒப்படைத்துவிடுங்கள்.